ஸூம் இல்லாத கமராவும் ஒரே ஒரு படமும்

என் அன்பு மகனுக்கு,

பிள்ளையார் சுழியை இட்டுவிட்டு, சாளரத்தைத் திறந்துவைத்து இதை எழுதத் தொடங்குகிறேன். பேர்ண் நகரில் இன்று நல்ல வெயில். ட்ராம் போகும் ஓசையும் கீழ்வீட்டுக் குழந்தையின் சிரிப்பும் மாறி மாறி மேலே வருகின்றன. சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் நீயும் நித்யாவும் புதுமனையில் பால் காய்ச்சிவிட்டீர்கள். இனிப் பெட்டிகளைப் பிரித்து, எது எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த அமளிக்கு நடுவிலும் நேற்று என்னை அழைத்து ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, கலியாணத்தண்டைக்குக் கமராவோடதானே வந்தனீங்கள்? நீங்கள் தந்த கார்டைப் போட்டுப் பாத்தா ஒரே ஒரு படம் கிடக்கு. மிச்சத்தைத் தெரியாமல் அழிச்சுப்போட்டீங்களோ?" புல்வெளியில் ஒரு பசுவைக் கண்டாலே பத்துப் படம் எடுக்கிற அம்மா, பெற்ற பிள்ளையின் திருமணத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள் என்றால் நீ வியப்பதில் தவறில்லை. "ஒண்டும் அழியேல்லை. பிறகு சொல்லுறன்" என்று நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பிறகு இதுதான்.

நம் பழைய அகப்பாடல்களைச் சனிக்கிழமைகளில் நான் பாடம் சொன்னபோது நீ ஒருமுறை கேட்டது நினைவிருக்கிறதா? தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், பாணன் பேசுகிறான், மகளைப் பிரிந்த தாயும் செவிலியும் வழிப்போக்கரை நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள். தலைவனின் அம்மா எங்கே என்று கேட்டாய். எனக்கு அன்று விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது. அவளுக்கென்று ஒரு கூற்றை அந்தப் பெரியவர்கள் ஒதுக்கவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தில் சற்று நீளமாகவே பேசப்போகிறேன். கோயில் ஆண்டு மலருக்கு வழக்கம்போல் பதிகப் பெருமை பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். இம்முறை இதையே கொடுக்க எண்ணுகிறேன். மண்டபங்களின் கடைசி வரிசையில் இருந்து பழகிவிட்ட தாய்மார் நம்மிடையே பலர். அவர்கள் கண்ணிலும் இது படட்டும். "என்ர மானத்தை வாங்காதேங்கோ" என்ற ஒரே நிபந்தனையோடு நீ சம்மதம் தந்தாய். இயன்றவரை காப்பாற்றுகிறேன்.

உன் அப்பா இறைவனடி சேர்ந்து, ஓராண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசமும் முடிந்த பின்னர்தான் எனக்குக் கமரா வந்தது. மருத்துவமனைச் சமையலறை, வீடு, கோயில் என்ற மூன்று இடங்களுக்குள் நான் அடங்கிப்போயிருந்த காலம் அது. கோயிலில் புராணம் படிக்கும் நாட்களில் ஒருவர் பாட்டைப் பாட, நான் பொருளைப் பயனாக எடுத்துச் சொல்வேன். அந்த நேரம் மட்டும் என் குரல் எனக்குக் கேட்கும். ஒரு சனிக்கிழமை நீ என்னைப் பழம்பொருள் விற்கும் புரொக்கிக்கு அழைத்துப்போனாய். உனக்கு ஒரு மேசை விளக்கு வேண்டும் என்றாய். விளக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பழைய கமராக்கள் கிடந்தன. வெள்ளி நிறத்தில், சவர்க்காரக் கட்டி அளவில் ஒன்றை நான் எடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் 'ஸ்ஸ்' என்று மூக்கை வெளியே நீட்டியது. மறுபடி அழுத்தியதும் நத்தை போல உள்ளே இழுத்துக்கொண்டது. நான் சிரித்தேனாம். எனக்கு அது தெரியாது. நீதான் பிறகு சொன்னாய். விளக்கை மறந்துவிட்டு இருவரும் கமராவோடு வீடு வந்தோம்.

அதன் பிறகு நான் அடைந்த பித்துக்கு நீயே சாட்சி. கைக்குள் அடங்கும் கமரா ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம் உண்டு என்று கண்டுகொண்டேன். ஒன்றுக்கு நிழல் பிடிக்காது. ஒன்றுக்குச் சிவப்பைக் கண்டால் தலைகால் தெரியாது, செவ்வரத்தம்பூவைத் தீயாக்கிவிடும். தண்ணீருக்குள் கொண்டுபோகக்கூடிய செம்மஞ்சள் நிறக் கமராவோடு ஆரே ஆற்றின் படிக்கட்டில் முழங்கால் நனைய நின்று, நீந்திப்போகிறவர்களின் தலைகளை எடுத்தேன். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தபடியே பாலத்தின் தூணில் தோளை இடித்துக்கொண்டார். உன் நண்பர்கள் தோளில் சுமக்கும் பெரிய கமராக்களைக் காட்டி, "அம்மா, இப்பிடி ஒண்டு வாங்கித்தரட்டோ?" என்று கேட்பாய். நான் மறுத்ததற்குச் சிக்கனம் காரணம் அன்று. பெரிய கமராவைக் கண்டதும் மனிதர்கள் முகத்தைத் தயார் செய்துகொள்கிறார்கள். சிறியதைக் கண்டால் தங்கள் வேலையைத் தொடர்கிறார்கள். மேலும், நம் சமயம் சிறியதைச் சிறியதென்று ஒருபோதும் ஒதுக்கியதில்லை. வானளாவிய கோபுரத்துக்குள் இருக்கிறவன்தான் வெற்றிலையின் மேல் பிடித்துவைத்த ஒரு பிடி மஞ்சளிலும் வந்து இருக்கிறான். அருகம்புல்லைச் செருகி, வா என்றால் வருகிறான். அத்தனை பெரியவனுக்கு அவ்வளவு இடம் போதுமென்றால், ஒரு மலைக்கு என் உள்ளங்கை போதாதா?

பாதிக் கட்டணத்தில் ரயிலேற்றும் அரைச் சீட்டு அட்டையும், உச்சியில் முடிச்சிட்ட தயிர்ச்சாதப் பொதியுமாக இந்த நாட்டை நாம் எத்தனை முறை குறுக்கும் நெடுக்குமாகக் கடந்திருப்போம். ரயிலில் உனக்கும் எனக்கும் நடந்த வழக்குகளை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மலையென்றால் குறிஞ்சி, காடென்றால் முல்லை என்று பழையவர்கள் நிலத்தைப் பகுத்தார்கள். பனிக்கு ஒரு திணை வகுக்கவில்லை. யுங்ஃப்ரௌ மலை குறிஞ்சிதான் என்பது என் கட்சி. "அம்மா, அங்கை ஒண்டும் முளைக்காது. அது பாலை" என்பாய் நீ. "பாலையில குளிருமோ?" என்பேன். "அப்ப ஃப்ரிட்ஜ் எண்டு ஒரு திணையை வையுங்கோ" என்று நீ முடித்துவிடுவாய். எதிர் இருக்கையில் இருந்த சுவிஸ் மூதாட்டி நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, உனக்கு ஒரு சொக்லேட்டை நீட்டி, அம்மாவோடு சமாதானமாகிவிடு என்று சைகை காட்டினார். நீ அதை என்னோடு பகிராமல் உண்டதை இங்கே பதிவு செய்கிறேன். இது மானத்தை வாங்குவதில் சேராது.

இப்போது நான் பயன்படுத்தும் கறுப்புக் கமரா வந்த ஆண்டில்தான் நாம் லவுட்டர்புருண்ணன் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். அந்தக் கமராவின் கண் நகராது. தூரத்தில் இருப்பதை அருகே இழுக்கும் ஸூம் அதற்குக் கிடையாது. தொலைவில் ஒரு பசு, கழுத்தில் பெரிய மணியோடு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எடுத்த படத்தில் அது கறுப்பு எள்ளாகத் தெரிந்தது. நீ கேலியாக, "இதிலை ஸூம் இல்லை அம்மா. இனி என்ன செய்வியள்?" என்றாய். "கால் இருக்கெல்லோ" என்று சொல்லிச் சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு நடந்தேன். பசுவின் மூச்சு முகத்தில் படும் தூரத்துக்குப் போனேன். அதன் கண்ணில் நானும் என் பின்னால் மலையும் தெரிந்த அந்தப் படம்தான் இன்றும் நம் கூடத்தில் தொங்குகிறது. பிறகு வழக்கப்படி பசுவின் பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேலிக்கு அப்பால் நின்ற விவசாயி பதறி ஓடிவந்து, தன் மாட்டின் பின்புறத்தில் ஏதேனும் நோய் கண்டேனா என்று கேட்டார். அங்கேதான் திருமகள் குடியிருக்கிறாள் என்று நீ ஜெர்மன் மொழியில் விளக்கினாய். அவர் மாட்டைச் சுற்றிவந்து, நான் தொட்ட இடத்தை நெடுநேரம் உற்றுப்பார்த்தார். அதன் பின்னர் எந்த மலைக்குப் போனாலும், நான் தயங்கி நின்றால் நீ தொலைவிலிருந்து கூவுவாய்: "அம்மா, ஸூம் இல்லை, கிட்டப் போங்கோ." அந்தக் குரல் என் காதில் தங்கிவிட்டது. அது எனக்கே திரும்பி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

அதே கமராவுக்குள் திருநீறு புகுந்த கதையை நித்யாவுக்கு நீ பாதிதான் சொல்லியிருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன். என் கைப்பையின் பக்கப் பையில் கமராவும், கோயிலில் தந்த திருநீற்றுப் பொட்டலமும் ஒன்றாகவே பயணம் செய்தன. ஒருநாள் மட்டர்ஹோர்ன் மலையை எடுத்தேன். மாசற்ற நீலவானம், வலது மூலையில் மட்டும் சிறியதொரு சாம்பல் மேகம். தூன் ஏரியை எடுத்தேன், அதே மேகம். தெற்கே லுகானோ வரை போனேன், அங்கும் வந்திருந்தது. எங்கு சென்றாலும் ஒரு துளி மேகம் தலைக்கு மேல் துணை வருகிறதென்றால் என்னைப் போன்றவள் என்ன நினைப்பாள்? நீ சிரிப்பாய் என்று உனக்குச் சொல்லவில்லை. மருத்துவமனைச் சமையலறையில் என்னோடு நெடுங்காலம் வேலை பார்த்த செல்வராணி அக்காவிடம் மட்டும் காட்டினேன். அவர் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உமக்கு ஏதோ அருள் கிடைச்சிருக்கு" என்றார். நீ கணினியில் பெரிதாக்கிப் பார்த்த அன்று அந்த அருள் கலைந்தது.

கமரா திருத்தும் கடைக்கு நாம் போனதும், அந்த மனிதர் விளக்கொளியில் உற்றுப்பார்த்து, இது என்ன மாவு என்று கேட்டார். புனிதமான சாம்பல் என்றாய் நீ. அவர் கமராவை மெல்ல ஒரு துணியின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, யாருடைய சாம்பல் என்று வினவினார். என் நெற்றியைப் பார்த்தார். வெறுமையான என் கழுத்தைப் பார்த்தார். தமது ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். நீ பதறிப்போய், மனிதச் சாம்பல் அன்று, மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுப்பது என்று விளக்கினாய். அதைக் கேட்டபோது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! வெளியே வந்து ட்ராம் தரிப்பிடத்தில் நாம் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். உன் அப்பா இருந்திருந்தால் இன்னும் உரக்கச் சிரித்திருப்பார் என்று நான் சொன்னேன். அவர் பெயரைச் சிரிப்போடு சேர்த்துச் சொன்னது அன்றுதான் முதல்முறை. திறந்தால் பழையபடி மூடுவது உறுதியில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், திருநீறு உள்ளேயே இருக்கிறது. நல்லதுதான். நெற்றியில் இருப்பது அதன் கண்ணிலும் இருக்கட்டும்.

நித்யா முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த நாளை நீ தேநீர் ஊற்றும் பரபரப்பில் சரியாகக் கவனித்திருக்க மாட்டாய். அவள் கோயம்புத்தூர்ப் பிள்ளை. சூரிச்சில் கணினி வேலை. நான் மாமி என்று சொல்லிக்கொடுத்தும் அத்தை என்றே அழைப்பவள். என் படத் தொகுப்புகளை மடியில் வைத்து, ஒன்றையும் தாண்டாமல் பார்த்தாள். கடைசியில் நிமிர்ந்து, "ஏனுங்க அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள்.

"கேளும் பிள்ளை."

"மலை, மாடு, ஆத்துல குளிக்கிறவங்க, எல்லாத்தையும் இவ்ளோ பக்கத்துல போய் எடுத்திருக்கீங்க. கல்யாணப் படத்துல மட்டும் வெறும் முதுகாவே இருக்குதுங்களே. பூ வெச்ச கொண்டை, பட்டுச் சட்டைக் காலரு. மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சியவே காணோம்."

"அம்மா பின்னுக்குத்தான் இருப்பா" என்றாய் நீ, குவளையை மேசையில் சற்று வேகமாக வைத்தபடி.

"ஏன்?" என்று அவள் கேட்டாள். நான் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அன்றிரவு தொகுப்பை நானே திறந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அத்தனை திருமணங்களிலும் நான் எடுத்தவை முதுகுகள். கமராவுக்கு ஸூம் இல்லாததல்ல காரணம். கடைசி வரிசையிலிருந்து எழுந்து நடக்க என் கால் ஒருபோதும் எண்ணியதில்லை.

கணவனை இழந்தவள் மங்கல காரியங்களில் முன்னுக்கு நிற்பதில்லை என்பது நம் வழக்கம். என்னை அப்படி நிறுத்தியவர் எவருமில்லை, நானே நின்றேன். ஆகவே உன் திருமணம் நிச்சயமானதும், மணவறையில் தாய் தகப்பன் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் இருப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். நீ கோபத்தோடு வந்தாய். "ஆர் அம்மா உங்களை வரவேண்டாம் எண்டது?" என்று கேட்டாய்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்ல வைக்கவும் கூடாது."

"நீங்கள் முன்னுக்கு நிண்டா எனக்கு என்ன நடந்திடும்?"

"ஒண்டும் நடக்காது. ஆனா நாளைக்கு உங்கள் ரெண்டு பேரில ஆருக்கும் ஒரு காய்ச்சல் வந்தாலும், நான் நிண்டதாலையோ எண்டுதான் எனக்கு நினைப்பு வரும். அந்த நினைப்போட என்னை இருக்கச் சொல்லுறியோ?"

நீ மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாய். பிறகு, "சரி. மேடைக்கு வாங்கோ எண்டு கூப்பிட மாட்டன்" என்றாய். சத்தியம் கேட்டேன், செய்து தந்தாய். போகும்போது வாசலில் திரும்பி, "ஆனா தாலி கட்டுற படத்தை நீங்கள்தான் எடுக்கவேணும். மற்றதெல்லாம் என்ர ஃப்ரெண்ட் எடுப்பான். தாலி கட்டேக்கை அவன் கமராவைக் கீழை வைச்சிடுவான். சொல்லிப்போட்டன்" என்றாய். இது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்தே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்காகப் புரொக்கியில் வாங்கிய பழைய வெள்ளிக் கமராவை மேசை இழுப்பறையிலிருந்து தேடி எடுத்தேன். அதற்கு ஸூம் உண்டு. பொத்தானை அழுத்தினேன். மூக்கைப் பாதி நீட்டி, அப்படியே உயிரை விட்டது. சரி, இன்னொரு முதுகுப் படம் சேர்ந்தால் போகிறது என்று கறுப்புக் கமராவையே கைப்பையில் வைத்தேன்.

திருமண நாளில் காலையில் திரிம்பாக் கோயிலில் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்தோம். நான் கடைசி வரிசையில், ஓரத்து நாற்காலியில், செல்வராணி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். "இதிலை இருந்தா காத்தும் வரும்" என்று அவர் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். அவருக்கும் கணவர் இல்லை. எனக்கு முன்பே அந்த வரிசைக்கு வந்தவர். தாலித் தட்டு சபையோரிடம் ஆசி பெற வலம் வந்தது. எங்களிடம் வந்தபோது இருவரும் தொடாமல் கைகூப்பினோம். வாழ்த்தித் தூவும் அறுகரிசியை ஆளுக்கொரு பிடி வாங்கிக்கொண்டோம். நித்யா கூறைச்சேலை உடுத்தி மணவறைக்குத் திரும்பி வந்தாள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. என் முன்னால் ஒரு மதில் எழும்பியது. கமராவை உயர்த்திப் பார்த்தேன். தலைகள், கைப்பேசி பிடித்த கைகள், முதுகுகள். பழகிய காட்சிதான். எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

நீ தாலிக்கொடியை இரு கைகளாலும் ஏந்தி எழுந்தாய். தவில்காரர் கையை ஓங்கிக் காத்திருந்தார். நீ அசையவில்லை.

"தம்பி, கட்டுங்கோ. நேரம் முடியப்போகுது" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா. படமெடுக்கிறவ இன்னும் வந்து சேரேல்லை."

"ஆரப்பா அந்தப் படக்காரி?" என்று யாரோ கேட்க, மண்டபம் சிரித்தது. சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய், கட்டடா. படத்தைப் பிறகு பாக்கலாம்" என்றார். "பிறகு இன்னொருக்கால் கட்டேலாது சித்தப்பா" என்றாய். நித்யாவின் குனிந்த தலைக்குக் கீழே தோள்கள் குலுங்கின. பிறகு நீ அத்தனை தலைகளுக்கும் மேலாக, மேய்ச்சல் நிலத்தில் கூவிய அதே குரலில் என்னைக் கூப்பிட்டாய்.

"அம்மா, உங்கட கமராவில ஸூம் இல்லை. கிட்ட வாங்கோ."

முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த மதில் ஒரு கணத்தில் முகங்களாக மாறியது. ஐயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மா, கெதியா வாங்கோ. நல்ல நேரம் போகுது." அப்போதும் என் கால் எழவில்லை. எழுப்பியவர் செல்வராணி அக்காதான். என் கையிலிருந்த அறுகரிசியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, "என்ன சிலை மாதிரி நிக்கிறீர்? பிள்ளை தாலியோட நிக்கிறான். ராகுகாலம் பிறக்கப்போகுது" என்றார்.

"அக்கா, நான் எப்பிடி…"

"நீரும் உம்மட நானும். நேரம் தப்பினா ஆர் பதில் சொல்லுறது? ஓடும்."

மகனே, நீ உன் அம்மாவை நன்றாக அறிந்தவன். முன்னுக்கு நிற்க நான் அஞ்சினேன். ஆனால் முகூர்த்தம் தவறுவதற்கு அதைவிடப் பல மடங்கு அஞ்சினேன். மேடையில் நீ ஒரு முறையை எதிர்த்து வாதாடவில்லை. இன்னொரு முறையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாய். நான் ஓடினேன். பட்டுச்சேலையோடு, கைப்பை இடுப்பில் மோத, மண்டபத்தின் நடுவழியே ஓடினேன். மேடைப்படியில் ஏறியதும் ஐயர் என்னை நிமிர்ந்தும் பாராமல், "இதிலை நில்லுங்கோ, அங்காலை புகை. கோலத்தை மிதிச்சுப்போடாதேங்கோ" என்றார். படமெடுக்கிற எவருக்கும் அவர் சொல்வதுதான். அந்தச் சாதாரணச் சொல் என்னை எவ்வளவு இலேசாக்கியது என்பதை அவர் அறியமாட்டார். கெட்டிமேளம் முழங்கியது. கொடியின் பூட்டு உன் விரல்களுக்கு அகப்படாமல் நழுவியது. நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய், சிறுவயதில் சப்பாத்துக் கயிறு கட்டும்போது கடிப்பாயே, அதேபோல. நித்யா கண்ணை மாத்திரம் உயர்த்தி உன்னைப் பார்த்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

அதுதான் நீ கண்ட படம். ஓடிவந்த மூச்சோடு எடுத்ததால் சற்றுக் கலங்கியிருக்கிறது. வெளிச்சமான வானத்தில் மட்டும் தெரியும் திருநீற்று மேகமும், மண்டபத்துக்குள் எடுத்ததால், அதில் விழவில்லை. வலது மூலையில் தேடிப் பார்த்தேன், இல்லை. சிறிது ஏமாற்றந்தான்.

அடுத்த படத்துக்காக நான் கமராவை உயர்த்தியபோது நித்யா, "அத்தை, கேமராவ உள்ள வெச்சுட்டுக் கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். தட்டிலிருந்த அறுகரிசியை அள்ளி என் இரு கைகளும் நிறைய இட்டாள். நீங்கள் இருவரும் என் முன்னால் தலை குனிந்தீர்கள். சித்தி என் முதுகில் கை வைத்து மெல்ல முன்னே தள்ளினாள். இரு கையும் நிறைந்திருக்கும்போது எவரால் படமெடுக்க முடியும்? அதன் பிறகும் கை ஓயவில்லை. யாரோ பிடித்தார்கள், யாரோ அணைத்தார்கள், சம்பந்தியம்மா தன் பக்கத்தில் இருத்திச் சாப்பிட வைத்தார். விரலெல்லாம் மஞ்சள். கமரா கைப்பையில் திருநீற்றோடு உறங்கியது.

திருமணம் முடிந்தபின், என்னிடமுள்ள நூல்களை எல்லாம் இறக்கி வைத்து, நான் இத்தனை காலம் காத்த அந்த முறை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். நான் பயன் சொன்ன பாடல்களில் அடியார்கள் அழுகிறார்கள், ஆடுகிறார்கள், வழக்காடுகிறார்கள். பெற்றவளைப் பின்னுக்கு நிற்கச் சொல்லும் அடி ஒன்று என் கண்ணில் படவில்லை. இன்னும் தேடுவேன். கிடைத்தால் உனக்குச் சொல்வேன். கிடைத்தாலும் இனி அதற்கொரு மறுமொழி என்னிடம் இருக்கிறது. இதற்காக வழக்கத்தைக் காத்து வாழ்ந்த தாய்மாரை எவரும் எள்ளி நகையாடவேண்டாம். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தீங்கு வரக்கூடாதென்ற அன்பினால்தான் பின்னே நின்றார்கள். அந்த அன்பை முன்னே அழைக்கும் வழியைத்தான் பிள்ளைகள் கண்டுபிடிக்கவேண்டும்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதற்குள்ளேயே இருக்கிறது. வேலையும் ரயிலும் குளிரும் உங்களை ஆளுக்கொரு மூலையில் வைக்கும் நாட்கள் வரும். அப்போது இருந்த இடத்திலிருந்தே மற்றவரை அளந்து பார்க்கத் தோன்றும். குறைகள் மட்டும் பெரிதாகத் தெரியும். எழுந்து நடவுங்கள். மூச்சுப் படும் தூரத்துக்குப் போய்ப் பாருங்கள். நித்யா 'ஏன்' என்று கேட்டால் குவளையை ஓசைப்பட வைக்காதே. விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அவள் வீட்டுச் சாம்பாரை நம் வீட்டுக் குழம்போடு ஒப்பிடாதே, இரண்டையும் உண். விடுமுறையில் ஊர்சுற்றப் போகும்போது இந்தக் கறுப்புக் கமராவைக் கேட்காதே, தரமாட்டேன். மட்டர்ஹோர்னை இன்னொருமுறை எடுக்கவேண்டியிருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் இருவரும் என்னோடு வரலாம்.

இதை முடிக்கும் தறுவாயில் செல்வராணி அக்கா வந்தார். சப்பாத்தைக் கழற்றுமுன்பே கைப்பேசியை நீட்டினார். "பாரும். அண்டைக்குத் தாலி கட்டேக்கை நானும் கதிரையிலை ஏறி நிண்டு கனக்கப் படம் எடுத்தனான். ஒண்டிலையாவது பிள்ளையளின்ரை முகம் இருக்கோ? எல்லாத்திலையும் உம்மட முதுகு. கொஞ்சம் தள்ளி நிண்டிருக்கக்கூடாதோ?"

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெளிர்மஞ்சள் பட்டு, வெள்ளைக் கொண்டை, அகன்ற முதுகு. அதற்கு அப்பால் உன் தலைப்பாகையின் நுனி மட்டும். ஒன்றையும் அழிக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லி, எல்லாவற்றையும் உனக்கு அனுப்பச் செய்திருக்கிறேன். நித்யாவிடம் காட்டு. அந்த முதுகுகளைப் பற்றி முதலில் கேட்டவள் அவள்தான்.

எல்லா நலமும் பெற்று இருவரும் நீடு வாழ்க.

அன்புடன்,
அம்மா